ஊமையன் ஞாயிறு

சூசையப்பர் கண்டிகை,
எளாவூர் வழி.
14-7-1969

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கை மதலேனுக்கு அண்ணன் பிலவேந்திரன் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நானும் உன் அண்ணி முத்தம்மாளும் சுகம். தங்கவயலில் நீயும் மாப்பிள்ளை சூசைநாதனும் சுகமாயிருக்க நம் கோவில் சூசையப்பரை மன்றாடுகிறேன். மாப்பிள்ளைக்குச் சுரங்கத்தில் இன்னும் ராத்திரி ஷிப்ட்தானா, முதுகுவலி தேவலையா என்று எழுதவும்.

நீ அனுப்பிய ஜூலை மாதப் பிரசங்கங்கள் வந்து சேர்ந்தன. வழக்கம்போல உன் கையெழுத்தை யாரும் பார்த்துவிடாதபடி என் நோட்டில் பெயர்த்து எழுதிக்கொண்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான் பங்குச் சாமியார் வந்து பூசை வைக்கிறார். மற்ற ஞாயிறெல்லாம் ஜெபமாலையும் மந்திரமும் பிரசங்கமும் உபதேசியாரான என் பாடுதான் என்பது உனக்குத் தெரியாததா? ஆகஸ்டு 10-ம் தேதி இஸ்பிரீத்துசாந்து திருநாளுக்குப் பின் பதினோராம் ஞாயிறு. ஊமையன் சுவிசேஷம், சேசுநாதர் அவன் நாக்கைத் தொட்டுப் பேசவைத்தது. அதற்கு எழுதி அனுப்பு.

பூசை தமிழில் ஆனதிலிருந்து கோவிலில் ஒரு சத்தமும் சரியாக விழவில்லை. நம்மைப் பெற்ற நைனா உபதேசியாராக இருந்தபோது லத்தீனில் சாமியார் ஒன்று பாட, கண்டிகையே சேர்ந்து 'எத் கும் இஸ்பிரித்து தூவோ' என்று பதில் பாடுமே, ஏரிக்கரை வரைக்கும் கேட்குமே! யாருக்கும் அர்த்தம் தெரியாது. இப்போது அர்த்தம் தெரிகிறது, ஆனால் பாதிப் பேர் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள். தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய சத்தம் காதிலேயே நிற்கிறது, அவ்வளவுதான்.

கோவிலை ஒட்டிய நிலத்துக்காரர் செங்கல்வராயன் உன்னை விசாரித்தார். அவர் பெருமாள் கோவில்காரர் என்றாலும் ஞாயிறு வந்தால் வரப்பில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பிரசங்கம் கேட்காமல் ஏர் பூட்டமாட்டார்.

உன் அண்ணி ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
பிலவேந்திரன்


சாம்பியன் ரீப்,
கோலார் தங்கவயல்.
25-7-1969

அன்புள்ள அண்ணனுக்கு ஸ்தோத்திரம். உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் நலம். உங்கள் மாப்பிள்ளைக்குப் பகல் ஷிப்ட் ஆகிவிட்டது, முதுகுவலியும் பரவாயில்லை. அண்ணிக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று எழுதவில்லையே.

ஊமையன் பிரசங்கம் இத்துடன் வைத்திருக்கிறேன். இருபது வருஷம் ஆகிறது அண்ணா. நைனா செத்து முதல் ஞாயிறு, இதே சுவிசேஷம். நைனாவின் இடத்தில் புது உபதேசியாராக நீங்கள் எழுந்து நின்றீர்கள். ஊமையன் கதையை வாசித்துவிட்டு நீங்களே ஊமையாகிவிட்டீர்கள். நெற்றியில் வேர்வை, வாயில் பேச்சில்லை. கடைசியில் அருள் நிறைந்த மந்திரம் மூன்று சொல்லி எல்லாரையும் அனுப்பிவைத்தீர்கள். அன்றைக்கு மத்தியானம் நீங்கள் சாப்பிடாமல் மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்ததும், பதினாறு வயசில் நான் வந்து அடுத்த ஞாயிற்றுக்கு எழுதித் தருகிறேன், நீங்கள் வாசியுங்கள் என்று சொன்னதும் நேற்றுப்போல இருக்கிறது. பொம்பளைப் பிள்ளை எழுதினது என்று தெரிந்தால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று அம்மா நம் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அம்மாவும் போய்விட்டாள், சத்தியம் மட்டும் இருக்கிறது.

பிரசங்கத்தில் ஓர் இடத்தை இங்கேயும் எழுதுகிறேன். "சேசுநாதர் ஏன் அவனைக் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப்போனார்? நாலு பேர் பார்க்க நாக்கை நீட்டச் சொன்னால் அவன் வெட்கப்படுவான் என்று அவருக்குத் தெரியும். குணமாக்கிவிட்டு, யாருக்கும் சொல்லாதே என்றார். இத்தனை வருஷம் கழித்து வாய் திறந்தவன் சும்மா இருப்பானா? அன்று சாயங்காலமே பெண்சாதியைப் பார்த்து, குழம்பில் உப்பு இல்லை என்றிருப்பான். அவளும் முக்காடு போட்டுக்கொண்டு சேசுநாதரைத் தேடிப் போயிருப்பாள், சுவாமி, இவரைப் பழையபடியே ஆக்கிக் கொடும் என்று."

அநேகமாக ஒவ்வொரு வருஷமும் இந்த வரியை வைக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் சிரித்தார்களா என்று கேட்கிறேன். நீங்கள் பதிலே எழுதுவதில்லை. இந்த வருஷமாவது எழுதுங்கள்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. இந்த லைன் வீட்டின் ஒற்றை அறையில், சங்கு ஊதினால் உலை வைத்து, மறுபடி சங்கு ஊதினால் தண்ணீர் காய்ச்சி, நாள் போகிறது. எனக்கென்று ஒன்று உண்டென்றால் அது உங்கள் ஞாயிற்றுக்கிழமைதான். அதை நான் பார்த்ததில்லை, கேட்டதில்லை. ஆனாலும் அது என்னுடையது.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை,
மதலேன்


சூசையப்பர் கண்டிகை,
14-8-1969

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கைக்கு. சுகம், சுகத்துக்கு எழுதவும். அண்ணிக்கு மூட்டுவலி மழைக்கு முன்னால் கொஞ்சம் கூடும், பிறகு குறையும். ஊமையன் பிரசங்கத்தை ஞாயிறன்று வாசித்தேன். எல்லாரும் மிகவும் கவனமாகக் கேட்டார்கள்.

பழைய சாமியாருக்கு மாற்றல் ஆகிவிட்டது. ஜோசப் சுவாமி என்று ஒருவர் வருகிறாராம். மெட்ராஸ்காரர், சின்ன வயசு, மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறாராம். பார்ப்போம்.

இப்படிக்கு,
பிலவேந்திரன்


பங்குக் குருவின் இல்லம்,
2-2-1970

சூசையப்பர் கண்டிகை உபதேசியார் திரு. பிலவேந்திரன் அவர்களுக்கு ஆசீர்.

நலமென நம்புகிறேன். வருகிற தபசுகாலத்தின் முதல் ஞாயிறு தொடங்கி உங்கள் சிற்றாலயத்திற்கு ஞாயிறுதோறும் நானே வந்து பூசை நிறைவேற்ற முடிவு செய்திருக்கிறேன். வண்டி இருப்பதால் எனக்குச் சிரமம் இல்லை. ஆகவே இனி நீங்கள் பிரசங்கம் வாசிக்க வேண்டியிராது. இத்தனை ஆண்டுகள் இந்தப் பாரத்தைத் தனியாகச் சுமந்தீர்கள். இனி சற்று இளைப்பாறலாம்.

ஞாயிறு வாசகங்களின் வரிசை முழுவதும் மாறிவிட்டது. பழையபடி வருஷாவருஷம் அதே சுவிசேஷம் வராது, மூன்று வருஷத்துக்கு ஒரு சுற்று. புதிய புத்தகத்தைக் கொண்டுவருகிறேன். முதல் வாசகத்தை விசுவாசிகளே வாசிக்க வேண்டும் என்பது இப்போதைய ஏற்பாடு. எண்ணூர் பாக்டரிக்குப் போய்வரும் வாலிபர்களில் நன்றாக வாசிப்பவர்களுக்குப் பழக்கிவையுங்கள்.

சேசுவில் அன்புள்ள,
ஜோசப் சுவாமி


சூசையப்பர் கண்டிகை,
20-2-1970

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கை மதலேனுக்கு அண்ணன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் சுகம். அங்கு நீங்கள் இருவரும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். பனியில் மாப்பிள்ளைக்கு இருமல் வராமல் பார்த்துக்கொள்.

கண்டிகையில் எல்லாம் பழையபடிதான். செங்கல்வராயன் கிணற்றுக்கு கரண்ட் வாங்கி பம்புசெட்டு போட்டுவிட்டார். கொட்டகையும் கட்டி ஓடு வேய்ந்திருக்கிறார். அந்தப் பக்கம் போனால் காது அடைத்துப் போகும். கல்கத்தா ரோட்டில் லாரிகள் ஜாஸ்தியாகிவிட்டன. எளாவூர் செக்போஸ்டில் ஒரு மைலுக்கு நிற்கின்றன. அண்ணி இரண்டு கோழி வாங்கினாள், ஒன்றை நரி கொண்டுபோய்விட்டது.

தபசுகாலம் வந்ததும் நைனா ஞாபகம்தான். பெரிய வியாழனோடு மணியைக் கட்டிவிட்டு, மரத்தட்டையை 'டக டக' என்று தட்டிக்கொண்டு நைனா தெருத்தெருவாகப் போவார். நீயும் நானும் பின்னாலேயே ஓடுவோம். வெள்ளிக்கிழமை கூப்பிட யாராவது வாயைத் திறந்தால்கூட அம்மா அதட்டுவாள். அந்தத் தட்டை இன்னும் பீடத்துக்குப் பின்னால் இருக்கிறது. நேற்று எடுத்துத் துடைத்து வைத்தேன்.

தபசுகாலத்தின் நாலாம் ஞாயிற்றுக்கு, ஐந்து அப்பம் பகிர்ந்த சுவிசேஷத்துக்கு, எழுதி அனுப்பு. பாஸ்குத் திருநாளுக்கும் சேர்த்து அனுப்பினால் நல்லது. நிறுத்திவிடாதே.

இப்படிக்கு,
பிலவேந்திரன்


சாம்பியன் ரீப்,
18-7-1970

அன்புள்ள அண்ணனுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் நலம். மூட்டுவலிக்கு அண்ணிக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், இந்தப் பக்கமிருந்து யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

ஆகஸ்டு 2-ம் தேதி ஊமையன் ஞாயிற்றுக்கு எழுதச் சொல்லியிருந்தீர்கள். எழுதிவிட்டேன். உப்பு வரியை இந்தத் தடவையும் விடவில்லை.

எங்கள் கோவிலில் எல்லாம் புதிதாகிவிட்டது. வாசகங்கள் மாறிவிட்டன. எந்த ஞாயிற்றுக்கு எது வரும் என்று கோவிலுக்குப் போகும்வரை தெரிவதில்லை. உங்கள் கோவிலுக்குப் புதிய புத்தகம் வந்துவிட்டதா அண்ணா? அதை மட்டும் எழுதவும். ஜோசப் சுவாமி எப்படிப் பேசுகிறார்? நல்லவரா?

இந்த வருஷம் சிரித்தார்களா என்றும் எழுதவும்.

தங்கை,
மதலேன்


சூசையப்பர் கண்டிகை,
12-8-1970

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கைக்கு. யாவரும் சுகம். பிரசங்கம் வந்தது, வாசித்தேன். மிகவும் உருக்கமாக இருந்தது. ஜோசப் சுவாமி நல்லவர். மழை இல்லை, ஏரி வறண்டு கிடக்கிறது. செப்டம்பருக்கு அனுப்பு.

இப்படிக்கு,
பிலவேந்திரன்


சூசையப்பர் கண்டிகை,
10-6-1973

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கை மதலேனுக்கு அண்ணன் பிலவேந்திரன் எழுதிக்கொண்டது. உடம்பு சுகம்தான். மனசு சுகமில்லை. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து வாசி.

மூன்று வருஷமாக உன்னிடம் பொய் சொல்லிவந்தேன். 1970 தபசுகாலத்திலிருந்து ஞாயிறுதோறும் ஜோசப் சுவாமியே வந்து பூசை வைத்துப் பிரசங்கமும் செய்கிறார். அன்றிலிருந்து நம் கோவிலில் நீ எழுதின ஒரு வரியும் ஒலிக்கவில்லை. மணி அடிக்கிறேன், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறேன், என் வேலை அவ்வளவோடு நின்றுபோயிற்று. உன்னிடம் சொல்ல இருபது தடவை பேனாவை எடுத்தேன். எனக்கென்று உள்ளது உங்கள் ஞாயிற்றுக்கிழமைதான் என்று நீ எழுதினாயே, அந்தக் கடிதம் கண்ணில் படும். அடுத்த மாதத்துக்கு அனுப்பு என்று எழுதிவிடுவேன்.

நீ அனுப்பினதை வீணாக்கவில்லை. சுவாமி வரத் தொடங்கிய முதல் மாதமே செங்கல்வராயன் என்னை வரப்பில் நிறுத்தி, "இன்னா உபதேசியாரே, ஒன் பிரசங்கம் இன்னா ஆச்சி? மூணு வாரமா காதுல வியவே இல்லியே" என்று கேட்டார். இனிமேல் சாமியார்தான் பேசுவார் என்றேன். "அவரு பேசட்டும். நீ சாய்ங்காலமா நம்ம பம்புசெட்டாண்ட வந்து படி" என்றார். அன்றிலிருந்து ஞாயிறு மாலை மோட்டாரை நிறுத்திவிட்டு அவரும் அவர் மனைவி பச்சையம்மாவும் உட்காருவார்கள். நான் வாசிப்பேன். சில நாள் உன் அண்ணியும் வருவாள். பெருமாளைக் கும்பிடுகிற இரண்டு பேருக்கு, கிணற்றுமேட்டில், மூன்று வருஷமாக உன் பிரசங்கம் நடக்கிறது.

போன வாரம் ஜோசப் சுவாமியின் வண்டி பம்புசெட்டு எதிரில் நின்றுவிட்டது. தண்ணீர் கொடுத்த செங்கல்வராயன் சும்மா இருக்கக் கூடாதா? "சாமி, நீ நல்லாத்தான் பேசுற. ஆனா நம்ம உபதேசியாரு படிக்கிறாரே, அது வேற தினுசு" என்று சொல்லிவிட்டார். சுவாமி நேரே என் வீட்டுக்கு வந்து நோட்டைக் கேட்டார். நோட்டை மட்டும் கொடுத்திருக்கலாம். எனக்கு என்ன தோன்றிற்றோ, உன் கடிதக் கட்டு முழுவதையும் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குச் செய்த சத்தியத்தை மீறினேன். ஆனால் பாவசங்கீர்த்தனம் முடித்து எழுந்தாற்போல இருந்தது.

கட்டை எடுத்துப் போயிருக்கிறார். கோபமா சந்தோஷமா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. உன் முகத்தையும் நான் பார்க்க முடியாது. திட்டுவதானால் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
பிலவேந்திரன்


(அஞ்சல் அட்டை)
15-7-1973

மதலேனுக்கு. சுகம். ஐந்து வாரமாயிற்று. மாப்பிள்ளையாவது ஒரு வரி எழுதலாம்.

பிலவேந்திரன்


சாம்பியன் ரீப்,
28-7-1973

அன்புள்ள அண்ணனுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் நலம். உங்களைக் காக்கவைத்ததற்கு மன்னிக்கவும். அண்ணி என்னைத் திட்டியிருப்பாள், அதுவும் நியாயம்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தீர்களே அண்ணா! எனக்கு 1970 ஆகஸ்டிலேயே சந்தேகம். நீங்கள் ஊமையன் சுவிசேஷத்துக்குப் பிரசங்கம் கேட்டது ஆகஸ்டு 2-க்கு. அது மாதத்தின் முதல் ஞாயிறு. பழைய ஏற்பாட்டிலேயே அன்றைக்குச் சாமியார் வந்து பேசுவார், உங்களுக்கு எதற்குப் பிரசங்கம்? சரி, மறந்து கேட்டீர்கள் என்று விட்டேன். ஆனால் புதிய வரிசையில் ஊமையன் வந்ததே செப்டம்பரில்தான். புத்தகம் வந்துவிட்டதா என்று கேட்டேன், மழையைப் பற்றி எழுதினீர்கள். ஒருவேளை கண்டிகைக்கு இன்னும் வரவில்லையோ என்று நினைத்தேன். அடுத்த வருஷமும் அதே ஊமையன், அதே ஆகஸ்டு. ஊர் உலகமெல்லாம் மாறின பிறகு சூசையப்பர் கண்டிகையில் மட்டும் பழைய பஞ்சாங்கமா? புரிந்துபோயிற்று. நீங்கள் கேட்கிற பிரசங்கம் எந்தக் கோவிலிலும் வாசிக்கப்படவில்லை என்று தெரிந்துகொண்டே எழுதினேன்.

ஏன் எழுதினேன் என்று கேட்பீர்கள். அண்ணனுக்குக் கோவிலில் வேலை குறைந்துவிட்டது, இந்தக் காகிதமாவது போகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. நான் தெரிந்துகொண்டேன் என்று தெரிந்தால் நீங்கள் கேட்பதை நிறுத்திவிடுவீர்கள். அந்தப் பயம்தான் மீதி.

கோபம் இருந்தது. மறைக்க மாட்டேன். பொய் சொன்னதற்கு அல்ல, நான் தாங்கமாட்டேன் என்று நினைத்ததற்கு. ஆனால் பம்புசெட்டுக் கதையை வாசித்ததும் கோபமெல்லாம் போய்விட்டது. செங்கல்வராய மாமாவும் பச்சையம்மா அக்காவும் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்டார்களா? உங்கள் மாப்பிள்ளையிடம் வாசித்துக் காட்டினேன். மூன்று வருஷமாக ராத்திரி பகல் என்று நீ எழுதினது மோட்டாருக்கா என்று கேலி செய்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் ஜோசப் சுவாமி. அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. என் பிரசங்கங்களை எல்லாம் வாசித்தாராம். செப்டம்பர் 8-ம் தேதி தலைக்கோவிலில் மாதா தேர், மறுநாள் கொடியிறக்கம். அதனால் 9-ம் தேதி ஞாயிறு கண்டிகைக்கு அவர் வர முடியாது, பூசை இல்லை. "குரு இல்லாத ஞாயிற்றில் உபதேசியார் பிரசங்கம் வாசிப்பது உங்கள் ஊர் வழக்கம். அன்றைக்கு அந்த வழக்கத்தைத் தொடரலாம். ஆனால் எழுதியவரே வாசிக்கட்டும். புதிய வரிசையில் அன்று எந்தச் சுவிசேஷம் என்று பாருங்கள்" என்று எழுதியிருந்தார். பார்த்தேன். ஊமையன்.

அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது. நாற்பது வயசு. நாலு பேர் நடுவில் நின்று இரண்டு வார்த்தை பேசினதில்லை. கண்டிகையில் என்னை மூக்கு ஒழுகின வயசிலிருந்தே தெரிந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பொம்பளை பேசுகிறாள் என்று எழுந்து போனால்? அம்மாவுக்குச் செய்த சத்தியம்? வரட்டுமா வேண்டாமா என்று நீங்கள் சொல்லுங்கள். உங்கள் இடத்தில் நான் நிற்பது உங்களுக்குச் சம்மதமா? அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தங்கை,
மதலேன்


சூசையப்பர் கண்டிகை,
4-8-1973

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கைக்கு. சுகம். உன் கடிதம் கண்டு அண்ணி கூத்தாடுகிறாள். அது நைனாவின் இடம். எனக்குக் கொடுத்தார்கள், நான் உன் வாயாக நின்றேன். நைனா இருந்து பார்த்திருந்தால் அன்றைக்கே உன்னைத்தான் நிறுத்தியிருப்பார் என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு உண்டு. சொன்னதில்லை.

எழுந்து போகிறவர்கள் போகட்டும். வா. மெட்ராஸ் பாசஞ்சருக்கு எளாவூர் ஸ்டேஷனில் செங்கல்வராயன் மாட்டுவண்டியோடு நிற்பார். இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
பிலவேந்திரன்


சூசையப்பர் கண்டிகை,
13-9-1973

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கை மதலேனுக்கு அண்ணன் பிலவேந்திரன் எழுதிக்கொண்டது. நீங்கள் இருவரும் சுகமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளை துண்டை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார், அண்ணி துவைத்து வைத்திருக்கிறாள். இங்கு சுகம்.

நாலு நாள் ஒரே வீட்டில் இருந்தோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உன்னிடம் நேரில் ஒரு வார்த்தையும் சொல்ல எனக்கு வரவில்லை. நீதான் அறிவாயே, நான் ஊமையன். அதனால்தான் நீ எதிரில் இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

நீ எழுந்து நின்றபோது ஆண்கள் பக்கத்தில் இரண்டு பேர் வெளியே போனார்கள். நீ பார்த்திருப்பாய். வேப்பமரத்தடி வரைக்கும் போய்விட்டு, அங்கேயே நின்று கேட்டார்கள். அது உனக்குத் தெரியாது, நான் பார்த்தேன். செங்கல்வராயன் இத்தனை வருஷத்தில் முதல்தடவையாகக் கோவில் வாசற்படியில் உட்கார்ந்தார். நான் தரையில், ஆண்களோடு ஆணாக உட்கார்ந்தேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. நோட்டு இல்லாமல் கோவிலில் எப்படி உட்காருவது என்று எனக்கு மறந்துபோயிருந்தது.

முதலில் உன் குரல் எழும்பவே இல்லை. 1949-ம் வருஷம் திரும்பிவந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு அவனைத் தனியே அழைத்துப்போன இடத்தில் உன் குரல் நைனாவின் குரல் போல ஆயிற்று. அங்கிருந்து நீ காகிதத்தைப் பார்க்கவில்லை. எனக்கு மனப்பாடமான பிரசங்கம்தான் அது. ஆனாலும் நான் கேட்டேனே தவிர, எனக்குத் தெரிந்தது என்று ஓர் இடத்திலும் தோன்றவில்லை.

மதலேன், நீ வருஷாவருஷம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். ஒரு வருஷமும் யாரும் சிரித்ததில்லை. ஒருவர்கூட இல்லை. கோவிலில் சிரிப்பது பாவம் என்று நினைத்து வளர்ந்தவன் நான். நைனா இறந்ததற்குத் துக்கம் வாசிப்பதுபோல அந்த வரியையும் வாசித்துவிட்டு, மூச்சு விடாமல் அடுத்த வரிக்கு ஓடிவிடுவேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குள் கேட்டுக்கொள்வேன். உன் மனசு நோகும் என்று 'கவனமாகக் கேட்டார்கள்' என்று எழுதிவிடுவேன். உன் எழுத்தில் குறை இல்லை. என் வாயில் இருந்தது.

நீ, குழம்பில் உப்பு இல்லை என்றாய். அங்கே நிறுத்தினாய். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உன் அண்ணியைப் பார்த்தாய். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முதலில் சிரித்தது அவள்தான். பிறகு பெண்கள் பக்கம் முழுவதும், பிறகு ஆண்கள், பிறகு வேப்பமரத்தடியில் நின்ற இரண்டு பேரும். பெண்சாதி சேசுநாதரைத் தேடிப் போனாள் என்றபோது கோவிலே குலுங்கிற்று. ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். அந்தப் பழைய லத்தீன் சத்தத்துக்குப் பிறகு நம் கோவிலில் அப்படி ஒரு சத்தம் எழும்பியதில்லை. இத்தனை நாளாக எதைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தேனோ, அது அதுதான்.

எல்லாரும் உன்னைச் சூழ்ந்துகொண்டபோது செங்கல்வராயன் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். "இத்த நீ எத்தினி வாட்டி எனுக்குப் படிச்சிகினு இருந்த உபதேசியாரே? சிரிக்கிற விசயம்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று கேட்டார்.

எனக்கே இன்னிக்குத்தாம்பா தெரிஞ்சிது என்றேன்.

அண்ணி ஆசீர்வாதம் சொல்கிறாள். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று இப்போது தினமும் கேட்கிறாள். நான் வாயைத் திறப்பதில்லை.

உன் அண்ணன்,
பிலவேந்திரன்